ரிமோட் சாவி இயல்: தேய்வு, தொலைவு, மாற்று

1. இலக்கணமும் உறுப்புகளும்

காரின் ரிமோட் சாவி ஓர் உடலில் நான்கு உயிர் கொண்டது. கதவையும் ஸ்டியரிங் பூட்டையும் திருப்பும் உலோக அலகு ஒன்று. எஞ்சினுக்குத் தன்னை அடையாளம் காட்டும் சில்லு இரண்டு. எட்ட நின்று கதவைத் திறக்கும் வானொலிக் கருவி மூன்று. அக்கருவிக்கு ஊணளிக்கும் பொத்தான் செல் நான்கு. நான்கும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் குடியிருந்தாலும் ஒன்றின் நலம் மற்றொன்றுக்குத் தெரியாது. செல் தீர்ந்த சாவி காரை ஓட்டும். எட்ட நின்று திறக்காது. சில்லு விழுந்துபோன சாவி எட்ட நின்று திறக்கும், காரை ஓட்டாது. அலகு முறிந்த சாவி கதவைத் திறந்து உள்ளே உட்கார வைக்கும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. ஆகவே “சாவி வேலை செய்யல” என்னும் ஒற்றை முறையீடு நான்கு வெவ்வேறு நோய்களைக் குறிக்கும். எந்த நோய் என்பதை முறையிடுபவர் ஒருபோதும் சொல்லமாட்டார் என்பது இத்துறையின் முதல் விதி.

பட்டன் ஸ்டார்ட் கார்களின் சாவிக்கு அலகு வெளியே தெரியாது. இல்லை என்று பலர் கருதுவர், அது பொருந்தாது. கூட்டின் ஓரத்தில் உள்ள சிறு தாழை நகர்த்தினால் அவசர அலகு ஒன்று உருவி வரும். கார் வாங்கி ஆறாண்டு கழித்து, செல் தீர்ந்து, மழையில் நனைந்தபடி நிற்கும் பொழுதில் அதைக் கண்டுபிடிப்பதே வழக்கு.

உறுப்பல்லாத உறுப்பொன்றும் உண்டு. அது கீ செயின். எடையில் சாவியை விஞ்சுவது. முருகன் வேல், நகவெட்டி, பீரோ சாவி, எந்தப் பூட்டுக்கு என்று வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு பித்தளைச் சாவி ஆகியவற்றைக் கொண்டது. இதை அழகுப் பொருள் என்று மட்டும் கொள்ளலாகாது. 2014-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், இளகிய இக்னிஷன் சுவிட்சு கனத்த சாவிக்கொத்தின் இழுப்பிலோ சாலைக் குலுக்கலிலோ தானே திரும்பி, ஓடும் காரின் எஞ்சினை அணைத்துவிடக்கூடும் என்பது. ஏர்பேக் விரியாமல் உயிர்களும் போயின. சாவித் துளையில் தொங்கும் கொத்து இலகுவாக இருக்க வேண்டும் என்ற விதி அதன்பின் விளக்கம் வேண்டாததாயிற்று.

2. தோற்றமும் வளர்ச்சியும்

சாவி காரோடு உடன்பிறந்ததன்று. தொடக்கக் காலக் காரை முன்னால் நின்று கைப்பிடி சுற்றிக் கிளப்பினார்கள். 1912-இல் கேடிலாக் காரில் மின் ஸ்டார்ட்டர் வந்த பின்னும், காலால் மிதித்தோ தனிப் பொத்தானை அழுத்தியோதான் எஞ்சினுக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949-இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. எட்ட நின்று கதவைத் திறக்கும் கையடக்கக் கருவி 1982-இல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது.

திருடனைக் கருதி எழுந்த வளர்ச்சி தனி வழியில் நடந்தது. 1986-ஆம் ஆண்டின் செவர்லே கார்வெட் காரில் சாவியின் அலகிலேயே சிறு மின்தடை ஒன்றைப் பதித்தனர். மொத்தம் பதினைந்து அளவுகள். காருக்குத் தன் அளவு மட்டும் தெரியும். தவறான சாவியைச் செருகினால் சில நிமிடம் முரண்டு பிடித்து நிற்கும். பதினைந்து சாவியும் பொறுமையும் உள்ள திருடனுக்கு இது தடையன்று. அடுத்து வந்தது சில்லு. ஐரோப்பிய ஒன்றியம் 1995-இல் விதி வகுத்து, 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இம்மொபிலைசர் என்னும் எஞ்சின் தடுப்பானைக் கட்டாயமாக்கியது. அதே காலத்தில் மெர்சிடீஸ் எஸ் வகுப்புக் காரில், சாவியைப் பையிலிருந்து எடுக்கவே தேவையில்லாத முறை அறிமுகமாயிற்று.

இவ்வளர்ச்சியில் நுணுகி நோக்கத்தக்கது ஒன்று. சாவியைக் கையில் பிடிக்கும் தேவை குறையக் குறைய, அது எங்கே இருக்கிறது என்ற அறிவும் குறைந்தது. துளையில் செருகித் திருப்பிய காலத்தில் வண்டி நின்ற கணம் சாவி கைக்கு வந்தது. இன்றோ அது வாரக்கணக்கில் எவர் கண்ணிலும் படாமல் கைப்பையின் அடியில் கிடந்தபடியே தன் கடமையைச் செய்யும். காணாமலே வேலை வாங்கிய பொருளைக் காணாமற்போனதாக எப்போது அறிவிப்பது என்பது இதனால் சிக்கலான கேள்வியாயிற்று.

3. உள்ளியக்கம்

சாவிக்கும் காருக்கும் நடக்கும் பேச்சு இருவகைப்படும்: எட்டப் பேச்சு, ஒட்டிப் பேச்சு.

எட்டப் பேச்சு பட்டனை அழுத்தும்போது நிகழ்வது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் பெருவழக்கு. எனவே அமெரிக்காவிலிருந்து மைத்துனர் அன்போடு வாங்கிவந்த சாவி, தோற்றத்தில் அச்சு அசலாக இருந்தும் இங்குள்ள காரோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளாது.

ஒரே குறியீட்டை எப்போதும் சொன்னால், ஒளிந்து கேட்பவன் அதையே திருப்பிச் சொல்லித் திறந்துவிடுவான். ஆகவே ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு புதுக் குறியீடு. சாவியும் காரும் ஒரே தினசரி நாட்காட்டியை ஆளுக்கொன்று வைத்திருப்பதாகக் கொள்க. சாவி ஒரு தாளைக் கிழித்துக் காட்டும். அது இனி வரவேண்டிய தேதியானால் கார் ஏற்கும். கடந்த தேதியானால் மறுக்கும். தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனத்தில் 1980-களில் உருவாகி, 1995-இல் மைக்ரோசிப் நிறுவனத்துக்குக் கைமாறிய கீலாக் முறையில் அந்த நாட்காட்டிக்கு 65,536 தாள்கள். அடுத்த 16 தாள்களுக்குள் வந்தால் ஒரே அழுத்தத்தில் கதவு திறக்கும். அதைத் தாண்டிப் போயிருந்தால் அடுத்தடுத்த இரண்டு தாள்களைக் காட்டச் சொல்லும். வீட்டுக் குழந்தை மூன்றாம் மாடியில் சாவியை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுத்தி விளையாடினால், மறுநாள் காலை முதல் அழுத்தத்துக்குக் கார் அசையாமல் நிற்பதும், எரிச்சலில் மீண்டும் அழுத்தும்போது திறப்பதும் இதனால். எரிச்சல் பலன் தரும் அரிய இடங்களுள் இது ஒன்று. 2007, 2008 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கீலாக்கை உடைத்துக் காட்டினர். அதன்பின் வலுவான முறைகள் வழக்கில் பரவின.

ஒட்டிப் பேச்சு எஞ்சினைக் கிளப்பும்போது நிகழ்வது. சாவித் துளையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் உண்டு. அது எழுப்பும் மின்காந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், செல்லைக் கேட்காது. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் நடக்கும் இப்பேச்சில் கார் ஒரு கேள்வி கேட்கும். சில்லு விடை சொல்லும். விடை பொருந்தாவிட்டால் எரிபொருளோ தீப்பொறியோ நிறுத்தப்படும். இவையெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவதால், தினமும் காலையில் தன் கார் தன்னை நேர்காணல் செய்கிறது என்பதை உரிமையாளர் அறிவதில்லை. தோல்வியுறும் நாளில்தான் அறிகிறார்.

இதனால் பெறப்படுவது: பழைய பூட்டு சாவியின் வடிவத்தை மட்டும் பார்த்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்குச் சரியான சாவியை யார் கொண்டுவந்தாலும் திறக்கும். கார் அப்படியன்று, அது சாவியைப் பெயரோடு அறியும். வடிவத்தைச் செதுக்கித் தர ஒரு கை போதும். பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் காரின் சம்மதம் வேண்டும். மாற்றுச் சாவியின் செலவும் அலைச்சலும் இந்தச் சம்மதத்தைப் பெறுவதிலேயே உள்ளன.

4. தேய்வு

தேய்வு நால்வகைப்படும்: பட்டன் தேய்வு, செல் தேய்வு, கூட்டுத் தேய்வு, அலகுத் தேய்வு.

பட்டன்களுள் முதலில் தேய்வது பூட்டும் பட்டன். திறக்க ஒருமுறை அழுத்தினால் கதவு திறந்ததே சான்றாகிவிடும். பூட்டுவதற்கு அப்படிச் சான்று போதாது. ஒருமுறை அழுத்தி, பத்தடி நடந்து, திரும்பி நின்று இன்னொருமுறை அழுத்தி, லிப்டுக்குள் நுழையுமுன் சுவருக்கு அப்பாலிருந்து மூன்றாம் முறையும் அழுத்துவது மரபு. அலறல் பட்டன் மட்டும் வாங்கிய நாள் போலவே பளபளக்கும். அது தவறுதலாக மட்டுமே அழுத்தப்படுவது, அதுவும் பெரும்பாலும் துக்க வீட்டு வாசலில்.

பட்டனில் தேய்வது எது என்பதில் தெளிவு வேண்டும். மேலே தெரியும் ரப்பர் கிழிந்தாலும், அடியில் சர்க்யூட் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைத்த சிறு சுவிட்சு நலமாக இருக்கலாம். அப்போது புதுக் கூடு போதும். ரப்பர் நன்றாக இருந்து, நகத்தால் ஓங்கி அழுத்தினால்தான் வேலை செய்யும் என்றால் சுவிட்சு போயிற்று. செல்போன் பழுது பார்ப்பவர் அதைக் கழற்றிப் புதிது வைத்துவிடுவார். உடனொட்டுப் பசையைக் கிழிசலில் விடும் வீட்டு வைத்தியம், பட்டனை நிரந்தரமாக அழுந்திய நிலையிலோ நிரந்தரமாக அழுந்தா நிலையிலோ நிறுத்தும். இரண்டில் எது என்பது பசையின் விருப்பம்.

செல் தேய்வு படிப்படியானது. முதற்கட்டத்தில் கார் நிறுத்துமிடத்தின் அந்தக் கோடியிலிருந்து திறந்தது, இந்தக் கோடிக்கு வந்தால்தான் திறக்கும். இரண்டாம் கட்டத்தில் உரிமையாளர் கையை உயர்த்துவார். மூன்றாம் கட்டத்தில் சாவியை மோவாயில் வைத்து அழுத்துவார். காண்போர் நகைப்பினும் இது மூடநம்பிக்கையன்று. தலையில் நிறைந்துள்ள நீர்மம் அலையோடு இணைந்து எட்டும் தொலைவைச் சற்றே கூட்டுகிறது. நான்காம் கட்டத்தில் கதவுக்கு ஒட்டி நின்று அழுத்துவார். ரிமோட்டை அலகின் தொலைவில் நின்று பயன்படுத்தும் இந்நிலையிலும் பலர் செல்லை மாற்றுவதில்லை.

மாற்றுவது எளிது. பல சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032. முதலிரண்டு இலக்கம் 20 மில்லிமீட்டர் விட்டம். அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிமன். மின்னழுத்தம் 3 வோல்ட். 2025 என்பது அதே விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. “ரெண்டும் ஒண்ணுதான் சார், பேப்பர் மடிச்சு வச்சுக்கலாம்” என்னும் கருத்து வாட்ச் கடைகளில் நிலவுகிறது. பழைய செல்லின் முதுகில் உள்ள எண்ணைப் படித்து அதையே வாங்குவது நூல் முடிபு. கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றுமுன் பார்க்க வேண்டும். செல்லை எடுத்தால் காரின் பதிவு அழிந்துவிடும் என்ற அச்சம் பொதுவாக ஆதாரமற்றது. அழியா நினைவகத்தில் அது இருக்கிறது. ஒருசில கார்களுக்கு மட்டும் கையேட்டில் சொன்னபடி மறுபடி ஒத்திசைத்தல் வேண்டும். குழந்தைகள் விழுங்காதிருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்கள் சில கருவிகளில் தொடர்பு கொள்ளாமல் முரண்டுவதும் உண்டு.

இங்கே நகைப்பை நிறுத்தி ஒன்று சொல்லியாக வேண்டும். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கும் அளவினது. சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துப் புண்ணாக்கும். தீர்ந்துபோன செல்லுக்கும் அந்த வலிமை உண்டு. கழற்றிய செல்லை மேசைமேல் விடலாகாது. குழந்தை விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கூட்டுத் தேய்வு நெடுநாள் சகித்துக்கொள்ளப்படுவது. விரிசல் விட்டதும் செல்லோடேப், டேப் பிசுபிசுத்ததும் ரப்பர் பேண்டு, ரப்பர் பேண்டு அறுந்ததும் எம்-சீல் என்னும் வரிசை எங்கும் ஒன்றே. வெற்றுக் கூடுகள் சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிபாகச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பழைய அலகைப் பிடித்திருக்கும் சிறு முளையைத் தட்டி எடுத்து, புதுக்கூட்டில் மாட்டி, சர்க்யூட் பலகையை இடம் மாற்றினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பல சாவிகளில் இம்மொபிலைசர் சில்லு பலகையில் இல்லை. அரிசியிலும் சற்றே பெரிய கரிய துண்டாகப் பழைய கூட்டின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மாற்றாமல் பழைய கூட்டைக் குப்பையில் எறிந்தவரின் கார் அழகாகத் திறக்கும், விளக்குகள் எரியும், எஞ்சின் மட்டும் கிளம்பாது. பேட்டரி, ஸ்டார்ட்டர், பெட்ரோல் என்று மூன்று நாள் ஆராய்ந்த பின்னரே குப்பை வண்டி நினைவுக்கு வரும்.

அலகுத் தேய்வில் செய்யத்தகாதது ஒன்றே: தேய்ந்த சாவியைப் பார்த்து மறுசாவி வெட்டுவது. நகலில் தேய்வும் நகலாகும். சாவி எண் தெரிந்தால் அதைக் கொண்டு, தெரியாவிட்டால் அதிகம் பயன்படாத மற்றச் சாவியைக் கொண்டு வெட்ட வேண்டும்.

5. தொலைவு

தொலைவு மூவகைப்படும்: மறைவு, பிரிவு, இழப்பு.

மறைவு என்பது சாவி வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு தென்படாதிருத்தல். துவைக்கப் போட்ட சட்டைப்பை, பூஜை அலமாரி, காய்கறிப் பை, ஃபிரிட்ஜின் தலை ஆகியன இதன் நிலைக்களங்கள். தேடலில் முதலில் எழுவது “கடைசியா எங்க வச்சீங்க?” என்னும் வினா. விடை தெரிந்தால் தேடலே இல்லையாதலால் இது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் வினா. அடுத்து எழுவது “எங்க வச்சீங்களோ அங்கதான் இருக்கும்” என்னும் முடிபு. தருக்க நூலார் எவரும் மறுக்க முடியாத இவ்வுண்மையால் எந்தச் சாவியும் கிடைத்ததில்லை. மூன்றாவதாக வருவது வேண்டுதல். புதுக்கோட்டைப் பிரகதாம்பாள் உருவம் பொறித்த காசின் வழியாகப் பெயர்பெற்ற அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் நேர்ந்துகொள்வோர் உண்டு; புனித அந்தோனியாரிடம் முறையிடுவோர் உண்டு. இரண்டு முறையும் ஒரு நற்பயன் தருவன: வேண்டிக்கொள்ளும் அந்த இரண்டு நிமிடம் குடும்பத்தார் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவதில்லை.

பிரிவு என்பது பட்டன் ஸ்டார்ட் காரோடு பிறந்த புதுவகை. கணவரை எழும்பூர் ரயில் நிலையத்தில் இறக்கிவிட மனைவி காரை ஓட்டி வருகிறார். சாவி கணவரின் சட்டைப்பையில். அவர் இறங்கிப் போகிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் கார் நிற்பதில்லை. ஓடும் எஞ்சினைச் சாவி இல்லை என்பதற்காக அணைப்பது ஆபத்தாதலால் எச்சரிக்கை மட்டும் தரும். அந்த ‘பீப்’ ஒலி சீட் பெல்ட்டின் முணுமுணுப்பாகக் கொள்ளப்படும். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்த கணம் பிரிவு நிறைவெய்தும். ரயில் அப்போது செங்கல்பட்டைத் தாண்டியிருக்கும்.

இழப்பு என்பது உண்மையாகவே போய்விடுதல். கடற்கரை மணல், திருமண மண்டபம், பேருந்து இருக்கை ஆகியன இதன் இடங்கள். மறைவை இழப்பாகக் கருதுவதால் பணம் போகும். இழப்பை மறைவாகக் கருதுவதால் கார் போகும். நிறுத்திய இடத்துக்கு அருகில் தொலைந்திருந்தால் பட்டனை அழுத்தியபடி கண்டெடுத்தவர் தெருவைச் சுற்றினாலே போதும். கார் தானே விளக்கைச் சிமிட்டி இருப்பிடத்தைச் சொல்லிவிடும்.

6. இரண்டாம் சாவித் தேற்றம்

புதுக் கார் ஒப்படைக்கும் நாளில் ஷோரூம் மூன்று சாவிகளைக் காட்டுகிறது. ஆளுயர அட்டைச் சாவி முதலாவது. குடும்பத்தோடு புகைப்படம் எடுத்தபின் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுவது. எதையும் திறக்காதது, ஒருபோதும் தொலையாதது. மற்ற இரண்டும் உண்மைச் சாவிகள். அவற்றோடு சாவி எண் பொறித்த சிறு உலோகத் தகடோ அட்டையோ வரும் கார்களும் உண்டு. தகடு அன்றே கீ செயினில் மாட்டப்பட்டுச் சாவியோடு சேர்ந்து தொலையத் தயாராகிறது.

தேற்றம் வருமாறு: ஒரு சாவி தொலைந்தால் அது செலவு, இரண்டும் தொலைந்தால் அது வழக்கு. ஒரு சாவி கையில் இருந்தால் காரிடம் அதைக் காட்டி இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எதுவுமே இல்லையென்றால் காரை இழுவை வண்டியில் ஏற்ற வேண்டும் அல்லது ஆளை வரவழைக்க வேண்டும். கதவைத் திறக்க வேண்டும். பூட்டைப் படித்து அலகு வெட்ட வேண்டும். பாதுகாப்புக் குறியீட்டை உற்பத்தியாளரிடம் பெற வேண்டும். சில மாடல்களில் கணினிப் பெட்டியையே மாற்ற நேரும்.

இத்தேற்றம் எல்லாருக்கும் தெரியும். எனினும் முதற்சாவி தொலைந்ததும் பீரோவிலிருந்து இரண்டாவதை எடுத்து ஓட்டத் தொடங்கியவர், சிக்கல் தீர்ந்ததாகவே கருதுகிறார். உண்மையில் சிக்கல் தொடங்கிய நாள் அதுவே. மாற்றுச் சாவி மலிவாகச் செய்யத்தக்க காலம் முழுவதும் அது தேவையில்லை என்று தோன்றும். தேவை என்று தோன்றும் நாளில் மலிவு போய்விட்டிருக்கும். இரண்டாம் சாவியின் அருமையை உற்பத்தியாளரே உணர்த்திய சந்தர்ப்பமும் உண்டு. 2022 அக்டோபரில், சில்லுத் தட்டுப்பாட்டால், ஜப்பானில் வாடிக்கையாளருக்கு ஸ்மார்ட் சாவி ஒன்றும் உலோகச் சாவி ஒன்றுமாகத் தற்காலிகமாகக் கொடுப்பதாக டொயோட்டா அறிவித்தது.

பீரோவில் உறங்கும் சாவிக்கும் செல் உண்டு என்பதும், உறங்கினாலும் அது தீரும் என்பதும் இத்தேற்றத்தின் கிளை விதிகள்.

7. மாற்றும் முறை

மாற்றித் தருவோர் இருவர்: கம்பெனி சர்வீஸ் சென்டர், சாலையோரச் சாவிக்காரர்.

சர்வீஸ் சென்டரில் முதலில் உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். ஆர்.சி. புக், அடையாள அட்டை ஆகியவற்றோடு சேசிஸ் நம்பரும் கேட்கப்படும். அது 17 எழுத்தெண்கள் கொண்டது. ஒன்று, சுழி ஆகியவற்றோடு குழம்பாதிருக்க ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ என்னும் மூன்றெழுத்தும் அதில் வாரா. ஆகவே அதில் ‘ஓ’ இருப்பதாகக் கண்டவர் கண்டது சுழியே. தவறாக எழுதிக் கொடுத்தால் பிறிதொரு காரின் சாவிக்காகப் பல நாள் காத்திருக்க நேரும். சாவி ஆர்டர் செய்து வந்தபின், ஸ்டியரிங்குக்கு அடியில் உள்ள 16 முனைத் துளையில் கருவியை மாட்டிப் பதிவு செய்வர். வெறும் சாவி மட்டும் கூரியரில் வந்து பயனில்லை. கார் நேரில் வர வேண்டும்.

சாலையோரச் சாவிக்காரரின் கடையைப் பெரிய தகரச் சாவிப் பலகை அறிவிக்கும். இவர்களை அலகு அராவுபவர் மட்டும் எனக் கருதுவாரும் உளர், அது பழங்கணக்கு. கதவிடுக்கில் ஊதும் பை நுழைத்துத் திறப்பதும், பூட்டுக்குள் கருவி விட்டுத் தகடுகளின் உயரத்தைப் படித்துப் புது அலகு வெட்டுவதும், மடிக்கணினி கொண்டு சில்லைப் பதிவு செய்வதும் இன்று பல ஊர்களில் இவர்கள் கைவேலை. நேரமும் கட்டணமும் குறைவு. ஆர்.சி. கேட்காமலே வேலையைத் தொடங்குபவரிடம் மட்டும் காரை விடலாகாது. கேட்காதது அன்பினாலன்று, நாளை வேறொருவரிடமும் அவர் கேட்கமாட்டார்.

யாரிடம் செய்தாலும் விதிகள் மூன்று. ஒன்று, வீட்டில் உள்ள எல்லாச் சாவிகளையும் உடன் கொண்டுபோக வேண்டும். பல கார்கள் புதுப்பதிவின்போது எதிரே இல்லாத சாவிகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். இரண்டு, தொலைந்த சாவியின் பதிவை அழிக்கச் சொல்லி, இப்போது எத்தனை சாவிகள் பதிவில் உள்ளன என்று கருவியின் திரையில் காட்டச் சொல்ல வேண்டும். மூன்று, பதிவை அழித்தாலும் தொலைந்த சாவியின் அலகு கதவைத் திறக்கும் என்பதை மறக்கலாகாது. எஞ்சின் கிளம்பாது, உள்ளிருக்கும் பை போகும். அந்த ஐயமும் தீர வேண்டுமானால் பூட்டுத் தொகுதியை மாற்ற வேண்டும்.

8. செலவும் காப்பீடும்

செலவை ஏறுவரிசையில் நிறுத்தினால் செல், சுவிட்சு, கூடு, அலகு, சில்லோடு கூடிய ரிமோட், ஸ்மார்ட் சாவி, பூட்டுத் தொகுதி என அமையும். முதலாவது டீச் செலவு. கடைசி, மாதத் தவணையோடு போட்டியிடும். அறியாமை எப்போதும் வரிசையின் மேல்முனையிலிருந்து தொடங்கும். செல் தீர்ந்ததற்கு ஸ்மார்ட் சாவி ஆர்டர் செய்தவர் இதற்குச் சான்று.

சாதாரண வாகனக் காப்பீட்டில் சாவித் தொலைவு அடங்காது. தனிப் பிரீமியம் செலுத்திச் சாவி மாற்றுக் காப்பைச் சேர்த்திருக்க வேண்டும். இழப்பீடு கோரும்போது காவல் நிலையத்தில் புகார் அளித்ததற்கான சான்று பெரும்பாலும் கேட்கப்படும். ஏட்டு “எங்க தொலைச்சீங்க?” என்று கேட்பார். வீட்டில் பலமுறை கேட்கப்பட்ட வினாவே எனினும், இம்முறை விடை எழுத்தில் பதிவாகும்.

காப்பீட்டில் சாவிக்கு இன்னொரு முகமும் உண்டு. கார் திருடு போனால் காப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு அசல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றொன்றைக் காரிலேயே விட்டுவிட்டீரா என்ற ஐயம் எழும், இழப்பீடு இழுபடும். ஆகவே இரண்டாம் சாவி, கார் இருக்கும்வரை காரின் பாகம். கார் போனபின் ஆவணம். பழைய காரை விற்கும்போதும் தரகரின் முதற்கேள்விகளுள் ஒன்று “ரெண்டு சாவியும் இருக்கா?” என்பதே. இல்லையென்றால் புதுச்சாவியின் விலையைவிடக் கூடுதலாக விலை குறையும்.

9. காவல்

தொலையாத சாவியும் களவு போகலாம். 2011-இல் சூரிச் நகரின் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்துக் கார் மாடல்களில் ஒரு தந்திரத்தைச் செய்து காட்டினர். ஒரு கருவி காரின் பக்கத்தில், இன்னொன்று சாவி இருக்கும் வீட்டுச் சுவரோரம். காரின் அழைப்பை முன்னது பின்னதற்குக் கடத்த, சாவி தன் முன்னே கார் நிற்பதாக நம்பி விடை கொடுக்கும். கார் திறந்து கிளம்பும். மறைக்குறியீடு எதையும் உடைக்க வேண்டியதில்லை. வாசலை ஒட்டிய ஆணியில் சாவியை மாட்டும் நல்வழக்கம் ஸ்மார்ட் சாவிக்கு இதனால் தீவழக்காயிற்று.

மாற்று, உலோக உறை. எவர்சில்வர் டப்பா போதும் என்பர் ஒருசாரார். மூடி இறுக்கமாக இருந்தால் பெரும்பாலும் பயன் தரலாம். சோதனை எளிது. சாவியை டப்பாவில் மூடிக் காரின் அருகே கொண்டுபோய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திறந்தால் டப்பா பருப்புக்கே தகும்.

ஸ்மார்ட் சாவியின் செல் முற்றும் தீர்ந்துவிட்டால் கலங்க வேண்டியதில்லை. அவசர அலகால் கதவைத் திறந்து, சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் கிளம்பும். பட்டனின் பின்னே அந்தப் பழைய கம்பிச்சுருள் இருக்கிறது. ஒருசில மாடல்களில் இடம் வேறு, கையேட்டில் காண்க. கையேடு காருக்குள் இருக்கும்.

10. மீட்பு

மாற்றுச் சாவி கைக்கு வந்தபின் பழைய சாவி கிடைப்பது பொதுவிதி. டிரைவர் இருக்கைக்கும் ஹேண்ட்பிரேக் பெட்டிக்கும் இடையிலுள்ள பிளவே இதற்குப் பேர்போன இடம்; தொலைந்த நாளில் மூன்று பேர் டார்ச் அடித்துப் பார்த்த அதே பிளவு.

கிடைத்த சாவி இப்போது காருக்கு அந்நியம். அலகு கதவைத் திறக்கும்; சில்லின் பெயர் பதிவேட்டில் இராது. அதே காருக்கு மறுபடி பதிவு செய்ய இயலும் சாவிகள் உண்டு, இயலாதனவும் உண்டு. செய்து தந்தவரிடமே கேட்க வேண்டும். இயலுமானால் கட்டணம் புதுச்சாவியின் விலையில் ஒரு சிறு பங்கே. இயலாவிட்டால் செல்லைக் கழற்றி மின்கழிவில் சேர்த்து, அலகை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

பதிவு செய்தபின் உரிமையாளரிடம் மூன்று சாவிகள் இருக்கும். ஒன்று அன்றாடத்துக்கு, ஒன்று, ஆண்டுக்கொரு முறை செல் மாற்றி, பீரோவில், ஒன்று அதே ஊரில் வேறு வீட்டிலுள்ள நம்பகமான உறவினரிடம். சாவி எண் தகட்டின் படம் கைபேசியில் இருக்கட்டும். மூன்றையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்போரும் உளர். இரண்டாம் சாவித் தேற்றத்தின் கணக்கில் அது ஒரு சாவியே.